புரட்டி விடும் கைகள்

நம் தேசத்தில் வியாதிகளுக்குள்ளும் ஏற்றத் தாழ்வு உண்டு. இருதய வியாதி வந்தவர் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து கொண்டு அதைப் பற்றிக் கம்பீரமாகப் பேசுவார். நீரிழிவுக்காரர் பாயசத்தை வேண்டாமென்று தள்ளும் தோரணையிலேயே ஒரு பெருமை தொனிக்கும். ஆனால் படுக்கைப் புண் வந்தவரைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். ஊதுவத்தி புகைந்து கொண்டிருக்கும். விசாரிக்க வருகிறவர்கள் கூடத்தோடு திரும்பி விடுவார்கள். வீட்டாரும் அதைத்தான் விரும்புவார்கள்.

இந்த வாரம் அந்த உள்ளறைக் கதவைச் சற்றே திறந்து பார்ப்பதாக உத்தேசம். அதற்குக் காரணம் உண்டு.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சோழவந்தானிலிருந்து நமது பழைய மாணாக்கர் ஒருவர் வந்தார். தமது சிறு கடையைப் புது இடத்துக்கு மாற்றுகிறாராம், அதற்கு அழைப்பு. தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்ததனால், இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. சக்கர நாற்காலியில்தான் வாசம். பேசிக் கொண்டிருக்கையில், கால் மணிக்கு ஒரு தரம், நாற்காலியின் இரு பக்கமும் கைகளை ஊன்றி உடம்பை அந்தரத்தில் தூக்கிச் சற்று நேரம் நிறுத்துவதும், மறுபடி அமர்வதுமாக இருந்தார்.

"என்னப்பா, நாற்காலி சரியில்லையா?" என்று கேட்டோம்.

"நாற்காலியிலே குத்தமில்லே, ஸார். தூக்கலேன்னா புண்ணு வந்துடும். ஒரு தரம் வந்தது போதும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த 'ஒரு தரம்' வந்த வருஷம் 2020. அவர் சிரித்தார், நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்லுகிறோம்.

*

முதலில் இந்தப் புண் எப்படி உண்டாகிறதென்று பார்ப்போம்.

தூங்கும்போது மரக்கட்டை மாதிரி கிடப்பதாக நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மை அதுவல்ல. ஓர் இரவில் எத்தனையோ தடவை நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். படுக்கையில் அழுந்தும் இடம் நோகிறது. நொந்தவுடன் உடம்பு தானே திரும்பிக் கொள்கிறது. இது ஆண்டவன் நமக்கு அமர்த்தியிருக்கும் சம்பளமில்லாத காவற்காரன். முதுகுத் தண்டு அறுந்தவருக்கும், பக்கவாதத்தில் விழுந்தவருக்கும், நினைவு தப்பிக் கிடப்பவருக்கும் இந்தக் காவற்காரன் வேலையை விட்டுப் போய்விடுகிறான்.

தோலுக்கடியில் மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றினுள் இரத்தம் பாயும் வேகம் மிகச் சொற்பம். 1930-ஆம் ஆண்டில் லாண்டிஸ் என்னும் விஞ்ஞானி அதன் அழுத்தத்தை அளந்து, குழாயின் தொடக்கத்தில் பாதரச அளவில் சுமார் 32 மில்லிமீட்டர்தான் என்று கண்டார். எலும்புக்கும் பாய்க்கும் இடையில் அகப்பட்டுக் கொண்ட சதையில் அழுத்தம் இதைவிட வெகு அதிகம். குழாய் நசுங்குகிறது, இரத்தம் நிற்கிறது, சில மணி நேரத்தில் சதை மாளத் தொடங்குகிறது. முதுகின் அடி எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு, உட்காரும் எலும்பு, குதிகால் ஆகிய நான்கும்தான் முக்கியமான இடங்கள்.

இதில் ஒரு சூது இருக்கிறது. இரத்தக் குறைவைத் தோல் ஓரளவு பொறுத்துக் கொள்ளும், தசை பொறுக்காது. ஆகவே பல சமயங்களில் எலும்பை ஒட்டியே அழிவு ஆரம்பித்து, பிற்பாடுதான் மேலே தெரிகிறது. வெளியே ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. உள்ளே கையை விடலாம் போன்ற குகை!

வைத்தியர்கள் இந்தப் புண்ணை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். தோல் கிழியாமல் சிவந்திருப்பது முதற்படி. மேல் தோல் உரிந்து போவது இரண்டாம் படி. தோல் முழுதும் போய்க் கொழுப்புத் தெரிவது மூன்றாம் படி. தசையோ எலும்போ தெரிவது நான்காம் படி. முதல் இரண்டு படிகளில் கத்தி வேண்டியதில்லை. பாரத்தை நீக்கி, சுத்தமாக வைத்து, நல்ல ஆகாரம் கொடுத்தால் ஆறும். பின்னிரண்டு படிகளில் பலருக்கு ரண சிகிச்சைதான் கதி.

*

அந்த ரண சிகிச்சை என்ன? செத்த சதையை முதலில் வெட்டி நீக்குவார்கள். துருத்திக் கொண்டிருக்கும் எலும்பைச் சிறிது செதுக்குவார்கள். பிறகு அந்தப் பள்ளத்தை, பக்கத்திலுள்ள தசையையும் தோலையும் இரத்தக் குழாயோடு சேர்த்துத் திருப்பிக் கொணர்ந்து மூடுவார்கள். வேறிடத்துத் தோலைச் சீவி எடுத்து ஒட்டுவது நாற்றைப் பிடுங்கி நடுவது போல. இதுவோ, சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை வேரறுக்காமலே இறக்கிக் கட்டுகிறார்களே, அது போல. வேர் இருந்த இடத்திலேயே இருக்கும். கொடி மட்டும் புது இடத்தில் படரும்.

இந்த வித்தை நம் தேசத்துக்குப் புதிதல்ல. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோல் கொண்டு கட்டும் முறையைச் சுசுருதர் பண்டைக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார். திப்பு சுல்தானுடன் நடந்த யுத்தத்தில் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்னும் வண்டிக்காரருக்குப் புனாவுக்கருகில் ஒரு நாட்டு வைத்தியர் நெற்றித் தோலைத் திருப்பிப் புது மூக்கு வைத்தார். அந்தச் செய்தி 1794-ஆம் ஆண்டில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளிவந்தது. அதைப் பார்த்துத்தான் 1814-ல் கார்ப்யூ என்னும் ஆங்கில ஸர்ஜன் அந்தச் சிகிச்சையைத் தம் ஊரில் செய்து பார்த்தார். நமது சரக்குச் சீமைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. நாம் வெட்கமின்றிக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஸர்ஜனுடைய வேலை சில மணி நேரத்தில் முடிந்து விடுகிறது. அதற்கப்புறம் பல வாரங்கள் நோயாளி அந்த இடத்தின் மேல் ஒரு கணமும் படுக்கக் கூடாது, உட்காரக் கூடாது. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தரம் யாராவது அவரைத் திருப்பிவிட வேண்டும். அந்தக் கை இல்லாவிட்டால் தைத்த தையல் பிரிந்து போகும். ஆறிய புண் மறுபடி வரும். ஆகவே இந்தச் சிகிச்சையில் பாதி கத்தியினுடையது. மறு பாதி, புரட்டி விடும் கையினுடையது.

இதை உலகுக்கு நிரூபித்தவர் லுட்விக் கட்மன். ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓடி வந்த யூத டாக்டர். அதற்கு முன்பெல்லாம் முதுகுத் தண்டு முறிந்த போர் வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் மூத்திரக் கோளாறாலும் சீக்கிரமே மாண்டு போனார்கள். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் அவர் புதுப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார். அவர் கொடுத்த பெரிய மருந்து, இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவதுதான்.

*

இப்போது 2020-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

மார்ச் 20-ஆம் தேதி, அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளி வைக்கும்படி மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு யோசனை சொல்லிற்று. 25-ஆம் தேதி தேசம் முழுவதும் கதவடைத்தது. தமிழ் நாட்டின் முதல் கொரோனா மரணமும் அதே தினம் நம் மதுரையில்தான், முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்ற பெயர் கொண்டிருந்த இராஜாஜி ஆஸ்பத்திரியில் நேர்ந்தது. ஊர் நடுங்கிப் போயிற்று. மே மாதம் மீனாட்சி கல்யாணத்தை ஜனங்கள் வீட்டிலிருந்தபடி படத்தில் பார்த்தார்கள். அந்த வருஷமும் மறு வருஷமும் அழகர் வைகையில் இறங்கவில்லை. மதுரைக்காரருக்கு இதற்கு மேல் வேறு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் 12 வாரங்களுக்குள் உலகமெங்கும் சுமார் 2 கோடியே 80 லட்சம் ஆபரேஷன்கள் நின்று போகும் என்று பல தேசத்து ஸர்ஜன்கள் கூடிக் கணக்கிட்டார்கள். நம் தேசத்தின் பங்கு 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். இந்தக் கூட்டத்தில் படுக்கைப் புண் ஆபரேஷன்களும் இருந்தன. 'அவசரமில்லாதவை' என்ற மூட்டையில் அவையும் கட்டப்பட்டு விட்டன.

டாக்டர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர்கள் கட்சியிலும் நியாயம் இருந்தது. ஆபரேஷனுக்குச் சற்று முன்போ பின்போ கொரோனா கண்ட 1,128 பேரை 24 தேசங்களில் ஆராய்ந்ததில், ஒரு மாதத்துக்குள் 100-க்கு 24 பேர் இறந்து போனதாகத் தெரிய வந்தது. நோய் கண்டவருக்குக் கூடுமானால் ஏழு வாரம் கழித்தே கத்தி வைப்பது உசிதம் என்று 2021-ல் பின்னொரு பெரிய ஆராய்ச்சி சொல்லிற்று. படுக்கைப் புண்காரரோ ஏற்கெனவே இரத்தம் குன்றி மெலிந்தவர். ஆபரேஷனுக்குப் பின் பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியவர். தொத்து நோய் நிறைந்த கட்டடத்துக்குள் அவரைக் கொண்டு போடலாமா என்று யோசித்தது தப்பில்லை.

இதற்கிடையில் கொரோனாவே புதுப் புண்களையும் உண்டாக்கிற்று. சுவாசம் திணறிக் கிடந்தவர்களை நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் போலக் கவிழ்த்துப் போட்டு வைத்தார்கள். அது நல்ல முறைதான். 2013-ல் பிரெஞ்சு ஸர்வகலாசாலை டாக்டர்கள் செய்த பரீட்சையில், நுரையீரல் கடுமையாகக் கெட்டவர்களின் மரணம் இம்முறையால் 100-க்கு 33-லிருந்து 16-ஆகக் குறைந்தது. ஆனால் கவிழ்ந்து கிடந்தவர்களின் கன்னத்திலும், மோவாயிலும், நெற்றியிலும் அழுத்தப் புண் கண்டது. நாள் முழுதும் முகமூடியை இறுக்கிக் கட்டிய நர்ஸுகளின் மூக்குத் தண்டிலும் கண்டது. நோயாளிக்குப் புண் வராமல் காக்க வேண்டியவருக்கே புண்!

*

நமது மாணாக்கரின் கதைக்கு வருகிறோம்.

அவருக்கு உட்காரும் எலும்பின் மேல் சிறு புண் கண்டு, நாளடைவில் ஆழமாகி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். தேதிக்குச் சில நாள் முன்னால் டெலிபோன் வந்தது: "இப்போது வர வேண்டாம். மறுபடி சொல்லி அனுப்புகிறோம்." பஸ் இல்லை, ரயில் இல்லை. தாயார் வீட்டிலேயே கட்டுக் கட்டினார். இரவில் கடிகாரத்தில் அலாரம் வைத்து, இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து மகனைத் திருப்பினார். புண் ஆறவில்லை, ஆனால் வளரவுமில்லை. மூன்று மாதம் அந்த ஒரு ஸ்திரீயின் கைகள் கொள்ளை நோயைத் தடுத்து நிறுத்தி வைத்திருந்தன என்றே சொல்ல வேண்டும்.

ஜூன் கடைசியில் அந்த அம்மாளுக்கே ஜுரம் வந்தது. பரிசோதித்தார்கள், கொரோனா என்றார்கள், வண்டி வந்து அழைத்துப் போயிற்று. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். வீட்டில் மிஞ்சியவர், கண் பார்வை மங்கிய வயோதிகத் தகப்பனார் ஒருவரே. அவர் ஒருவராக வாலிப மகனைப் புரட்ட முடியுமா? பிரயத்தனப்பட்டார். பிடித்து இழுத்ததில் தோல் இன்னும் உரிந்தது. அக்கம் பக்கத்தார் சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு விலகிப் போனார்கள். அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் இருந்தன.

நான்கு நாள் இப்படி. ஐந்தாம் நாள், கூடக் கிரிக்கெட் ஆடிய இரண்டு சிநேகிதர்கள் விஷயம் கேள்விப்பட்டு, முகத்தை மூடிக் கொண்டு உள்ளே வந்தார்கள். தாயார் திரும்பி வரும் வரையில் முறை போட்டுக் கொண்டு அவர்களே புரட்டினார்கள். ஆனால் அந்த நான்கு நாள் தன் வேலையைச் செய்து விட்டது. மூன்று மாதமாக வளராத புண் உள்ளங்கை அளவு ஆகியிருந்தது. ஜூலையில் குளிர் ஜுரம். மதுரை நகரில் ஜூன் 24 முதல் மறுபடி கதவடைப்பு. ஆம்புலன்ஸில் போய், கொரோனா இல்லையென்று பரிசோதனைச் சீட்டு வரும் வரை காத்திருந்து, செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். விஷம் எலும்பு வரை போயிருந்தது. பல வாரம் ஊசி மருந்து. புண்ணை மூடும் ஆபரேஷன் நடந்தது 2021 ஜனவரியில். குறித்த தேதிக்குப் பத்து மாதம் பின்னால். சிறிதாக முடிந்திருக்க வேண்டியது பெரிதாக முடிந்தது. உட்காரும் எலும்பில் ஒரு பகுதி போயிற்று. கடையும் போயிற்று.

"நாலே நாள்தான், ஸார். ஒரு ஆளு வந்திருந்தாப் போதும்" என்றார்.

அந்த நான்கு நாளில் ஒரு நாள் நாமும் அவருக்கு டெலிபோன் செய்தோம். பள்ளிக்கூடம் மூடியிருந்தது. நமக்குக் கையும் காலும் நன்றாயிருந்தன. "தைரியமாயிரு" என்று உபதேசம் செய்துவிட்டு டெலிபோனை வைத்து விட்டோம். "உன்னைப் புரட்டுகிறவர் யார்?" என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. வகுப்பில் எத்தனையோ கேள்வி கேட்ட நமக்கு, கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி தெரியாமல் போயிற்று. அதனால்தான் அவர் சிரித்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை.

*

கொள்ளை நோய் இன்னொன்று வராதென்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வருவதற்குள் செய்ய வேண்டியவை மூன்று உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, ஆபரேஷன்களை வகைப்படுத்தும்போது மூன்றாம், நான்காம் படிப் புண்ணை 'காத்திருக்கக் கூடியது' என்று ஒரே வரியில் எழுதிவிடக் கூடாது. காத்திருக்கச் சொன்னால், வாரந்தோறும் "எப்படியிருக்கிறது?" என்று கேட்கும் பொறுப்பையும் ஆஸ்பத்திரி ஏற்க வேண்டும். கையடக்க டெலிபோனில் புண்ணைப் படம் பிடித்து அனுப்பினால் டாக்டர் பார்த்துச் சொல்ல முடியும். தூரத்திலிருந்து வைத்தியம் பார்ப்பதற்கான விதிகளை மத்திய சர்க்கார் வெளியிட்டதும் அதே 2020 மார்ச் 25-ஆம் தேதிதான்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி வீட்டுக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தமிழக சர்க்கார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையிலிருப்போரை வீட்டிலேயே பராமரிப்பதும் அடங்கியிருக்கிறது. இதை நம் கிராமத்தார் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். தென்காசிக்கருகில் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தை ஸ்தாபித்தார். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியிலிருந்தே ரண சிகிச்சை செய்தார். இவர்களையெல்லாம் புண்ணுக்குப் பலி கொடுத்திருந்தால் தேசம் எவ்வளவு நஷ்டப்பட்டிருக்கும்!

மூன்றாவது, நம் கையிலுள்ளது. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேராவது புரட்டத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். கற்றுக் கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும். நோயாளியை இழுக்கக் கூடாது; இருவராகத் துப்பட்டியோடு தூக்கி நகர்த்த வேண்டும். முழுப் பக்கமாகச் சாய்க்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்வாகப் படுக்க வைக்க வேண்டும். கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகால் எதன் மேலும் படாமல் செய்ய வேண்டும். நடுவில் துளையுள்ள வளையத் தலையணை உதவாது; அது சுற்றிலுமுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்து விடவும் கூடாது. விரலால் அழுத்தி எடுத்த பின்னும் சிவப்பு மறையாவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை. நம்மவர் தோல் கறுப்பாகையால் சிவப்புத் தெரியாமலிருக்கலாம். சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றில் வழக்கமானதைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். புண் கண்டு விட்டால் மூடி மறைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதில் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. பிளேக் கண்ட ஜோகன்ஸ்பர்க் நகரத்தில் 1904-ஆம் ஆண்டு நோயாளிகளுக்கு நடுவே இருந்து பணிவிடை செய்தார் காந்தியடிகள். பிற்காலத்தில் சேவாகிராமத்தில் குஷ்டம் கண்ட பர்ச்சுரே சாஸ்திரியின் உடம்பைத் தம் கையாலேயே பிடித்து விட்டார். ராட்டை சுற்றுவதைப் போலவே இதையும் தேச சேவை என்று அவர் எண்ணினார். ராட்டை சுற்றத் தெரியாத நாம் இதையாவது கற்றுக் கொள்ளலாம்.

மாணாக்கரின் புதுக் கடை வைகைக் கரைப் பக்கம் திறக்கப் போகிறது. இரவில் அவரைத் திருப்பி விடுவது இன்னமும் அந்தத் தாயார்தான், அவருக்கும் வயதாகிறது. கடைத் திறப்பன்று முன்னதாகவே போய், எப்படிப் புரட்டுவதென்று அந்த அம்மாளிடம் பாடம் கேட்டுக் கொள்வதென்று தீர்மானித்திருக்கிறோம். இந்தத் தடவை டெலிபோனில் விசாரிப்பதாக உத்தேசமில்லை.